இருமலில் இரத்தம்: சிறுநீரக நோயாளர் மறைக்கக் கூடாத அடையாளம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸருத் தொழுகை முடிந்து மதரஸாப் பிள்ளைகள் கலைந்து சென்ற பின்னர், எங்கள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். திண்ணையில் அமர்ந்து சற்று நேரம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர், எழுந்து செல்லும் வேளையில், "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். துப்பும்போது எச்சிலோடு இரத்தம் வந்தால் வுளூ முறிஞ்சு போகுமா?" என்று கேட்டார்.

"முறியாது காக்கா. வாயை நன்றாகக் கொப்பளித்துக் கழுவிக்கொண்டால் போதும்" என்று எங்கள் ஊரார் பின்பற்றும் மத்ஹபின்படி விடை கூறினேன். அவர் மனநிறைவுடன் சென்றுவிட்டார்.

அந்த இரத்தம் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாட்களாக வருகிறது என்று நான் கேட்கவில்லை. அவர் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடையவர். அதனால் சிறுநீரகங்கள் பழுதுற்று, ஓராண்டாக வாரம் இருமுறை டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர். இவை யாவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டவரின் கேள்விக்கு விடை தந்தேன், கேட்டவரைக் கவனிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் நள்ளிரவில் அவருக்கு மூச்சுத் திணறல் கண்டது. படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவரின் வாயிலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் நுரை வெளிப்பட்டது. அவரை மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற வண்டியில் நானும் இருந்தேன். அவருடைய மனைவி வழியெல்லாம் ஒன்றையே சொல்லி அழுதார்: "மூணு வாரமா இரத்தக் கறையோட கைக்குட்டையை ஒளிச்சு வச்சிருக்காங்க, தம்பி. துவைக்கப் போட்டதில்தான் நேற்றுப் பார்த்தேன்."

மகளின் நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. 'டி.பி. வீடு' என்று எவரேனும் பேசிவிட்டால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று அஞ்சியே அம்மனிதர் மறைத்திருக்கிறார். அந்த இரவுக்குப் பின் மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் நான் அறிந்துகொண்டவற்றை, உங்களில் எவர் வீட்டிலேனும் சிறுநீரக நோயாளர் இருந்தால் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

சிறுநீரகத்திற்கும் நுரையீரலுக்கும் என்ன உறவு?

இடுப்புக்கு மேலே முதுகுப்புறம் இருக்கும் சிறுநீரகம் கெட்டால், மார்பிலிருக்கும் நுரையீரலிலிருந்து ஏன் இரத்தம் வர வேண்டும்? இக்கேள்வி இயல்பானதே.

ஆரோக்கியமான மனிதரின் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சியதெல்லாம் உடலுக்கே திரும்புகிறது. உடலில் எவ்வளவு நீர் தங்க வேண்டும், எவ்வளவு உப்பு தங்க வேண்டும், எந்தக் கழிவு வெளியேற வேண்டும் என்று தீர்மானிக்கும் பணி சிறுநீரகங்களுடையது. அப்பணி நின்றுபோனால் அதன் விளைவு உடல் முழுவதும் தெரியும். நுரையீரலோ மிக மெல்லிய சுவர்களையுடைய கோடிக்கணக்கான காற்றறைகளால் ஆனது. ஒவ்வொரு காற்றறையையும் மயிரிழையினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலைபோல் சூழ்ந்துள்ளன. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அங்கே விரைவில் வெளிப்படுவதில் வியப்பில்லை.

ஆயின், இருமலில் வரும் இரத்தத்திற்கு ஒரே ஒரு காரணம்தான் என்று எண்ணிவிடக் கூடாது. முக்கியமான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்காரணம்: தேங்கிய நீர்

சிறுநீர் சரிவரப் பிரியாதவரின் உடலில், அவர் பருகும் நீர் தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் தங்கினால் உடல் எடை ஒரு கிலோ கூடும். இதனால்தான் ஒவ்வொரு டயாலிசிசுக்கு முன்னும் பின்னும் நோயாளியை எடை பார்க்கிறார்கள். முதலில் கால் வீங்கும், முகம் உப்பும். அளவு மீறும்போது நீர் நுரையீரலுக்குள் கசியத் தொடங்கும். படுத்தால் மூச்சு முட்டும்; உட்கார்ந்தால் சற்றுத் தணியும். நிலைமை முற்றும்போது நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து சிவப்பணுக்களும் கசிந்து, இளஞ்சிவப்பு நுரையாகச் சளியில் வெளிவரும்.

நம் பெரியவருக்கு அன்றிரவு நேர்ந்தது இதுவே. கல்யாணச் சாமான் வாங்க வெளியூர் சென்றதால் அந்த வாரம் ஒரு டயாலிசிசுக்குப் போகவில்லை. விருந்து வீடுகளில் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் தாராளமாக உண்டிருக்கிறார். உப்பு கூடினால் தாகம் கூடும். தாகம் கூடினால் நீர் கூடும். நலமுள்ளவர்களே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கும் குறைவு. கருவாடு, மாசி, ஊறுகாய், நோன்புக் கஞ்சியுடன் உண்ணும் வடை, சமோசா ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் இக்கணக்கில் சேரும்.

இரண்டாம் காரணம்: காசநோய்

சிறுநீரகம் செயலிழந்தவரின் நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றிவிடுகிறது. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் மேலும் குன்றும். ஆகவே, மற்றவர்களைக் காட்டிலும் இவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்புப் பன்மடங்கு அதிகம். நம் நாட்டில் காசநோய்க் கிருமி இன்னும் பரவலாக இருப்பதால், இந்தியச் சிறுநீரக நோயாளர் ஒருவர் இரத்தம் துப்பினால் மருத்துவர்கள் இதனை மறவாமல் தேடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மாலைநேரக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைதல், சோர்வு ஆகியவையே காசநோயின் அடையாளங்கள். அவற்றுள் பசியின்மையும் சோர்வும் சிறுநீரக நோயிலும் உண்டு. உடலில் நீர் தேங்குவதால் எடைக் குறைவும் வெளியில் தெரியாது. "கிட்னி வியாதிக்காரருக்கு இப்படித்தான் இருக்கும்" என்று நோயாளியும் குடும்பத்தாரும் தேற்றிக்கொள்கிறார்கள். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் காசநோய்ச் சோதனையும், எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கு நோய் இருந்தும் இல்லையெனக் காட்டிவிடலாம்.

மூன்றாம் காரணம்: உறையாத இரத்தம்

காயம் பட்டால் இரத்தத்தை அடைக்க விரைந்து வருபவை தட்டணுக்கள். சிறுநீரக நோயில் அவற்றின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும், இரத்தத்தில் தேங்கிய கழிவுகளால் அவை செயலற்றுப்போகின்றன. ஆகவே சிறு கசிவும் நிற்கத் தாமதிக்கும். இதனோடு, டயாலிசிஸ் இயந்திரத்தில் இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் என்னும் மருந்து செலுத்தப்படுகிறது. இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவற்றை உண்பவர்களும் இருப்பர். ஏற்கெனவே நுரையீரலில் புண் இருந்தால், இவையெல்லாம் சேர்ந்து கசிவை இரத்தப் பெருக்காக்கிவிடும்.

இவையன்றி நிமோனியா, டயாலிசிசுக்காகக் கழுத்தில் பொருத்திய குழாயிலிருந்து பரவும் கிருமித் தொற்று, நுரையீரலில் சென்று அடைத்துக்கொள்ளும் இரத்தக் கட்டி, இதய வால்வு நோய், புகைபிடித்தோருக்கு வரும் புற்றுநோய் ஆகியவற்றாலும் இரத்தம் வரலாம்.

இரண்டையும் தாக்கும் நோய்

இன்னொரு வகையும் உண்டு. இதில் சிறுநீரக நோய் முன்னும் இருமல் இரத்தம் பின்னும் வருவதில்லை. இரண்டும் ஒரே காலத்தில் தோன்றக்கூடும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே திசைமாறி, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒருசேரத் தாக்குகிறது. 1919-ஆம் ஆண்டில் அமெரிக்க நோயியல் அறிஞர் எர்னஸ்ட் குட்பாஸ்சர், விஷக் காய்ச்சலுக்குப் பின் இறந்துபோன 18 வயது இளைஞன் ஒருவனின் நுரையீரலில் இரத்தக் கசிவும் சிறுநீரகத்தில் அழற்சியும் சேர்ந்திருந்ததை எழுதினார். 1958-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்களான ஸ்டான்டனும் டாஞ்சும் இத்தகைய நோய்க்கு அவர் பெயரையே சூட்டினர். நுண்ணிய இரத்தக் குழாய்களின் அழற்சி நோய்களும், லூபஸ் என்னும் நோயும் இவ்வாறே இரு உறுப்புகளையும் தாக்கக்கூடும். லூபஸ் பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருவது.

ஆதலால், இதுவரை சிறுநீரக நோயே இல்லாத ஒருவர் இரத்தம் துப்பினாலும், அவருடைய சிறுநீர் தேநீர் நிறத்திலோ நுரைத்தோ போனால், அல்லது அளவு குறைந்தால், இரண்டையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு, எதிர்ப்பு ஆற்றலைக் கட்டுப்படுத்தும் மருந்துகள், இரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை ஆகியவை இன்று உள்ளன. சில நாள் தாமதம்கூடச் சிறுநீரகத்தை நிரந்தரமாக இழக்கச் செய்துவிடலாம்.

மருத்துவமனையில் நடந்தது

நம் பெரியவரின் வரலாற்றுக்குத் திரும்புவோம். அன்றிரவே அவருக்கு ஆக்சிஜன் கொடுத்து அவசர டயாலிசிஸ் செய்தார்கள். ஹெபாரின் இல்லாமலேயே செய்தார்கள். தேங்கிய நீர் வெளியேறியதும் மூச்சுத் திணறல் அடங்கியது. வீட்டார் நிம்மதியடைந்து, "எப்பொழுது அழைத்துப் போகலாம்?" என்று கேட்டனர்.

அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் ஒப்பவில்லை. "நுரை நின்றுவிட்டது. ஆனால் சளியில் கீற்றுக் கீற்றாக இரத்தம் இன்னும் வருகிறது. மூன்று வாரமாக வந்த இரத்தத்திற்கு நேற்றுத் தேங்கிய நீர் காரணமாக இருக்க முடியாது" என்றார். சளிச் சோதனையும் மார்பு எக்ஸ்-ரேயும் எடுக்கப்பட்டன. காசநோய் உறுதியாயிற்று. ஒருவருக்கே இரு காரணங்கள்! ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்தியிருந்தால் மற்றொன்று உள்ளேயே வளர்ந்திருக்கும்.

அப்பொழுதுதான் வேறொரு கவலை எழுந்தது. அவருடைய நான்கு வயதுப் பேரன் தாத்தாவின் அருகிலேயே உறங்குபவன். சிறு பிள்ளைகளைக் காசநோய் விரைவாகவும் கடுமையாகவும் பற்றக்கூடும். குடும்பத்தார் அனைவரையும் வரவழைத்துச் சோதித்தனர். இறையருளால் எவருக்கும் நோய் இல்லை. பிள்ளைக்கு நோய் வராதிருக்கத் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது. மூன்று வாரம் கைக்குட்டையை ஒளித்து வைத்த அப்பெரியவர், தம் உயிருக்கு ஆபத்து என்றபோது கலங்காதவர், பேரனின் கையில் மருந்தைக் கண்டபோது தேம்பி அழுதார்.

காசநோயும் சிறுநீரகமும்: மருந்தில் கவனம்

1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். இந்நோய் பரம்பரைச் சாபமன்று, கிருமியால் வருவது, மருந்தால் தீர்வது என்னும் உண்மைக்கு அது அடித்தளமாயிற்று. மருத்துவர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கிய காலத்தில், நோயாளியை ஊருக்கு வெளியே வைப்பதே வழக்கம். பின்னர் 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே முறையாக மருந்துண்பவரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைகிறார், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து நேர்வதில்லை என்று 1959-இல் உலகுக்கு எடுத்துக் காட்டியது. நம் சென்னையில் மெய்ப்பிக்கப்பட்ட இவ்வுண்மையை நம் தெருக்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளாதிருப்பது வருந்தத்தக்கதன்றோ?

அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்குச் சோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்கென நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயும் வழங்கப்படுகிறது. ஆனால் சிறுநீரக நோயாளர் ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும்: "எனக்குச் சிறுநீரகம் பழுது, டயாலிசிஸ் செய்கிறேன்." ஏனெனில் பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய மருந்துகளை இவர்களுக்கு நாள்தோறும் தராமல் வாரம் மூன்று முறையாகக் குறைப்பது வழக்கம், டயாலிசிஸ் நாளில் அது முடிந்த பின்னரே உண்ண வேண்டும். எத்தாம்பியூட்டால் அளவு மீறினால் கண் பார்வையைப் பாதிக்கும். ரிஃபாம்பிசின் உண்பவரின் சிறுநீரும் எச்சிலும் செம்மஞ்சள் நிறமாகும். அதனை இரத்தமென்று அஞ்சி மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. இரத்தம் எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். இருமும்போது வருவது பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பாகவும் நுரையுடனும் இருக்கும். வாந்தியில் வருவது கறுத்து, காப்பித் தூள் போலவும் உணவு கலந்தும் இருக்கும். ஈறிலிருந்தும் மூக்கிலிருந்தும் வழிந்ததாகவும் இருக்கலாம். எதுவாயினும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

2. சளியை மூடியுள்ள சுத்தமான டப்பாவில் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். எத்தனை முறை, எவ்வளவு, எந்த நேரம் என்று குறித்து வையுங்கள்.

3. சிறு கீற்றாயினும் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். அடுத்த டயாலிசிஸ் தொடங்கும் முன், ஊசி போடும் பணியாளரிடமும் சொல்லுங்கள். ஹெபாரினைக் குறைக்கவோ தவிர்க்கவோ அவர்களால் இயலும்.

4. இரத்தத்திற்கு அஞ்சி டயாலிசிசையே நிறுத்திவிடாதீர்கள். தேங்கிய நீரையும் கழிவையும் அகற்றிக் கசிவைக் குறைப்பதும் அதுவே.

5. மூச்சுத் திணறல், இளஞ்சிவப்பு நுரை, மார்பு வலி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், அல்லது அரைத் தம்ளர் அளவுக்கு இரத்தம் வந்தாலும், 108-ஐ அழையுங்கள். இருமல் இரத்தத்தில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது இரத்த இழப்பன்று. மூச்சுக் குழல் அடைபடுவதே. நோயாளியைச் சாய்த்து உட்கார வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். வாயில் எதையும் புகட்டாதீர்கள்.

6. உடல்வலிக்கென்று டைக்ளோஃபினாக், ஐபுபுரூபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். அவை சிறுநீரகத்தையும் கெடுக்கும், தட்டணுக்களையும் முடக்கும். 'சூட்டினால் வரும் இரத்தம்' என்று சொல்லித் தரப்படும் பஸ்பங்களையும் தவிருங்கள். இதய நோய்க்கு உண்ணும் மருந்தை நீங்களாக நிறுத்தாமல், உடனே மருத்துவரைக் கேளுங்கள்.

7. காரணம் தெரியும்வரை நோயாளி முகக்கவசம் அணியட்டும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். குழந்தைகளை அருகில் படுக்க வைக்காதீர்கள். ஆனால் நோயாளியைத் தனியறையில் தள்ளிப் பேசாதிருந்துவிடாதீர்கள்.

முடிவாக...

அவருடைய மகளின் நிக்காஹ் ஒரு மாதம் தள்ளி நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுவது என்று குடும்பத்தார் முடிவு செய்து, அப்பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர். தயக்கத்துடன் சென்றேன். மாப்பிள்ளையின் உம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்க வாப்பாவுக்கும் வந்து குணமானதுதான், தம்பி. மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்லுங்க" என்றார். எந்தச் சொல்லுக்கு அஞ்சி அம்மனிதர் மூன்று வாரம் இரத்தத்தை விழுங்கினாரோ, அச்சொல் அவ்வீட்டில் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று.

அவர் மருந்தை முழுமையாக உண்டு காசநோயிலிருந்து குணமடைந்தார். டயாலிசிஸ் தொடர்கிறது. ஒரு முறையும் தவறுவதில்லை.

வாசகர்களே! நோயைச் சொல்வதற்கு நம் மக்கள் மருத்துவரிடம் மட்டும் வருவதில்லை. மஸ்அலா கேட்பவராக ஆலிமிடமும், வாய்க் கசப்பைச் சொல்பவராக மருந்துக் கடைக்காரரிடமும், பேச்சுவாக்கில் பக்கத்து வீட்டு ராத்தாவிடமும் வருகிறார்கள். கேட்பவர் சற்றே நிதானித்தால் ஓர் உயிர் காக்கப்படலாம். இப்பொழுதெல்லாம் எச்சிலில் இரத்தம் வருவது பற்றி எவர் மஸ்அலா கேட்டாலும், சட்டத்தைச் சொல்லும் முன் நான் கேட்கிறேன்: "அந்த இரத்தம் எங்கிருந்து வருகிறது? எத்தனை நாளாக வருகிறது?" நீங்களும் கேளுங்கள்.